கண்ணின் வெள்ளை

அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் எங்கள் தெருவுக்குள் கடல் வரும். அலையாக வராது. சாக்கடை மூடியின் ஓட்டை வழியாகக் கறுப்பாகப் பொங்கி, வாசற்படியைத் தொட்டு, கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டு, வந்த வழியே திரும்பிப் போகும். சிட்டகாங் துறைமுகத்தை ஒட்டிய தாழ்வான பகுதியில் குடியிருக்கிறவர்கள் இதற்கெல்லாம் அலட்டிக்கொள்வதில்லை. கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்திருப்போம். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போவோம்.

அந்த வருஷம் வைகாசிப் பௌர்ணமிக்கு வந்த தண்ணீர் வாசற்படியோடு நிற்கவில்லை. கீழ்த்தளம் முழுக்க ஏறிவிட்டது. எங்கள் கட்டடத்தில் ஐந்து மாடிக்கும் குடிதண்ணீர் போகிற சம்ப், மாடிப்படிக்கு அடியில் தரையோடு தரையாக இருந்தது. அதன் இரும்பு மூடிமேல் சாக்கடைத் தண்ணீர் நின்றதை எல்லாரும்தான் பார்த்தோம். வடிந்த பிறகு வீட்டுக்காரர் மொஃபிஸ் சாச்சா பிளீச்சிங் பவுடரைத் தரையில் தூவி, துடைப்பத்தால் தள்ளிவிட்டு, மோட்டாரைப் போட்டார். குழாயில் வந்த தண்ணீர் தெளிவாக இருந்தது. நாற்றம் இல்லை. குடித்தோம்.

என் கணவர் ஒலியுல்லாவின் தங்கை மொர்ஜினா அப்போது எங்களோடு இருந்தாள். தலைப்பிரசவம். தாய் தகப்பன் இல்லாதவளுக்கு அண்ணன் வீடுதானே தாய்வீடு. அவள் புருஷன் ரெஜவுல் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். மாமியார் ஜொய்தூன் சந்தீப் தீவில் இருந்தாள். மருமகளைப் படகில் ஏற்றிவிட்டு எனக்கு ஃபோன் போட்டுச் சொன்னாள்: "என் மகன் அங்க வெயில்ல கிடந்து சாகறான். அவன் பொருளை நம்பி உன் கையில குடுக்கறேன், தஹுரா. அவ மூஞ்சி வாடிச்சின்னு தெரிஞ்சுது, அடுத்த படகுல நான் வந்து நிப்பேன்."

மொர்ஜினா முகம் வாடுகிற ஆள் இல்லை. எந்நேரமும் எதையாவது கொறிப்பாள், எந்நேரமும் ஏட்டிக்குப் போட்டியாகப் பேசுவாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற அண்ணனை "கப்பல் மொதலாளி" என்பாள். நான் தையல் மெஷினில் குனிந்து குனிந்து கூன் போட்டுவிட்டேன் என்று "பாபி, பாபி" என்று அண்ணியான என் பின்னாலேயே குனிந்து நடந்து காட்டுவாள். அவள் சொல்வதில் எது நிஜம், எது கேலி என்று சட்டென்று பிடிபடாது. அந்தக் குணமே பின்னால் எங்களைக் கலங்கடிக்கும் என்று அன்று யார் நினைத்தார்கள்!

முதலில் மூன்றாவது மாடியில் ஒரு வாத்தியார் மஞ்சள் காமாலையில் படுத்தார். பிறகு எதிர்வீட்டுத் தாயும் மகளும். பிறகு நான் தைக்கப் போகிற ஃபேக்டரியில், என் வரிசையிலேயே இரண்டு பெண்கள். மெஷினை நிறுத்திவிட்டு ஒருத்தி இமையை இன்னொருத்தி இழுத்துப் பார்த்துக்கொண்டோம். "உனக்கு இல்ல, எனக்குப் பாரு." பஸ்ஸில் எதிரே உட்கார்ந்தவர்கள் ஒருவர் கண்ணை ஒருவர் உற்றுப் பார்த்தார்கள். காய்ச்சல் என்றால் மறைக்கலாம். இதை எங்கே கொண்டுபோய் மறைப்பது?

பிறகு ஒலியுல்லா. சோற்றைக் கண்டாலே குமட்டுகிறது என்றார். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகிறது என்று வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னார். மறுநாள் கண் மஞ்சளித்துவிட்டது.

"அண்ணா, உன்னைப் பாத்தா வாழைப்பழக் குலை மாதிரி இருக்கே, தொங்கவிட்டா வித்துரலாம்" என்று சிரித்தாள் மொர்ஜினா.

நான் சிரிக்கவில்லை. வயிற்றுப்பிள்ளைக்காரி, ஒரே அறை, ஒரே தட்டு. ஒட்டிக்கொண்டால்? மொஃபிஸ் சாச்சாவின் மனைவி நல்ல மனுஷி. "அவ எங்க வீட்ல வந்து இருக்கட்டும். காத்து வரும், வெளிச்சம் இருக்கும்" என்றாள். அன்றே மொர்ஜினாவை நாலாவது மாடிக்குக் கொண்டுபோய் விட்டேன். அவள் துணிகளைத் தனியாக ஊறவைத்தேன். அவள் குடித்த தம்ளரைக்கூட ஒலியுல்லா தொடாமல் பார்த்துக்கொண்டேன். தீயிலிருந்து பஞ்சை எடுத்துத் தள்ளி வைத்துவிட்ட மாதிரி ஒரு நிம்மதி.

சில நாள் கழித்து மாநகராட்சிச் சுகாதாரத் துறையிலிருந்து ஒரு பெண் வந்தாள். தோளில் பை, நெற்றியெல்லாம் வியர்வை. வீடுவீடாக ஏறி இறங்கியிருந்தாள். ஒலியுல்லாவைப் பார்த்தாள், நாலு கேள்வி கேட்டாள், பிறகு, "வீட்ல வயித்துப்பிள்ளைக்காரி யாராச்சும் இருக்காங்களா?" என்றாள்.

"என் நாத்தனார். ஏழு மாசம். ஆனா அவ இங்க இல்ல. இவர்கிட்டேருந்து ஒட்டிக்கக் கூடாதுன்னு மேல வீட்டுக்காரங்க வீட்ல விட்டிருக்கோம்."

"மேலன்னா?"

"இதே கட்டடம்தான். நாலாவது மாடி."

அவள் முகம் மாறியது. "அங்க எந்தத் தண்ணி குடிக்கறாங்க?"

என் பார்வை தானாக மாடிப்படிக்கு அடியில் போனது.

"பக்கத்துல உக்காந்தா ஒட்டிக்கற மஞ்சக்காமாலை இல்லைங்க இது" என்றாள் அவள். "தண்ணியில வருது. கக்கூஸ் தண்ணி குடிக்கற தண்ணியில கலந்தா வருது. இவரு மாதிரி ஆளுங்க ஒரு மாசம் படுத்து எந்திரிச்சுருவாங்க. வயித்துப்பிள்ளைக்காரிக்கு, அதுவும் கடைசி மாசங்கள்ல வந்தா..." ஒலியுல்லாவை ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "வரவே கூடாது. இன்னிலேருந்து கொதிக்க வெச்ச தண்ணி மட்டும் குடுங்க. நல்லா தளதளன்னு கொதிக்கணும்."

"இதுவரைக்கும் குடிச்சது?"

"அது உடனே தெரியாது. ஒரு மாசம் ஆகலாம், ஒன்றரை மாசம்கூட ஆகலாம். பாத்துக்கிட்டே இருங்க."

"எதைப் பாக்கறது?"

"கண்ண."

மாடிப்படியில் எப்படி ஏறினேன் என்று தெரியாது. மொர்ஜினா வீட்டுக்காரம்மாவின் ஊஞ்சல் நாற்காலியில் சாய்ந்துகொண்டு எலுமிச்சை சர்பத் குடித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடித் தம்ளர் முழுக்க ஐஸ். நான் அதைப் பிடுங்கிக் கழுவுதொட்டியில் கொட்டினேன்.

"என்ன பாபி, ஒரு கிளாஸ் சர்பத்துக்குக்கூட வயித்தெரிச்சலா?"

"தினமும் குடிக்கறியா?"

"ரெண்டு வேளையும். சாச்சி கைப்பக்குவம் அப்படி. உங்க சமையலுக்கு இது சொர்க்கம்."

மாநகராட்சிப் பெண் சொன்னதைச் சொன்னேன்; வீட்டுக்காரம்மா ஐஸ் தட்டையும் எடுத்துத் தொட்டியில் கவிழ்த்தாள். மொஃபிஸ் சாச்சாவுக்கு மட்டும் கோபம் வந்துவிட்டது. "நானும் அதே தண்ணிதான் குடிக்கறேன். எனக்கு என்ன ஆச்சு? கல்லு மாதிரி இருக்கேன்ல? கண்டவ வந்து சொல்லிட்டுப் போவா, நீங்க என் வீட்டுப் பேரைக் கெடுப்பீங்களா?"

ஆனாலும் குடித்தனக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து கேட்கவே, மறுநாள் ஆளைக் கூப்பிட்டு சம்ப்பை இறைத்தார். கடைசித் தண்ணீர் வற்றியதும் பிளம்பர் உள்ளே இறங்கி டார்ச் அடித்தான். செப்டிக் டேங்க் பக்கத்துச் சுவரில், ஒரு விரல் நுழைகிற அகலத்துக்கு விரிசல். அதிலிருந்து கறுப்பாக ஒரு கோடு கசிந்து இறங்கிக்கொண்டிருந்தது. எல்லாரும் எட்டிப் பார்த்தோம். யாரோ ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடி வாந்தி எடுத்தாள். மொஃபிஸ் சாச்சா படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். அன்று முழுக்க அவர் அங்கிருந்து எழுந்ததாக எனக்கு நினைவில்லை.

மொர்ஜினாவைக் கீழே அழைத்து வந்தேன். பகலில் குழாய் வழி வரும் கேஸ் குறைந்து, அடுப்பு மினுக் மினுக்கென்றுதான் எரியும். அதனால் விடிவதற்கு முன்பே பெரிய தேக்சாவில் தண்ணீர் கொதிக்க வைத்துவிடுவேன். வாய் கொப்பளிக்க அந்தத் தண்ணீர், காய் கழுவ அந்தத் தண்ணீர். தெருவில் கரும்புச்சாறு வண்டி மணி அடித்தால் ஜன்னலைச் சாத்துவேன்.

வீட்டு டியூப்லைட்டில் எல்லார் முகமும் மஞ்சளாகத்தான் தெரியும். அதனால் காலையில் அவளை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய், கிழக்கே திருப்பி நிறுத்தி, இமையைக் கீழே இழுத்துப் பார்ப்பேன். வெள்ளை. அன்றைய பொழுதுக்கு மூச்சு வரும். படி இறங்குவதற்குள், சரியாகப் பார்த்தேனா, ஓரத்தில் ஏதோ இருந்ததே என்று மறுபடி சந்தேகம் வரும். திரும்பக் கூட்டிப்போவேன்.

"மாப்பிள்ளை பொண்ணு பாக்க வந்தப்பகூட என்னை இப்படிப் பாக்கலை" என்பாள்.

அவள் பாதிச் சோற்றில் எழுந்தால் பயம். துப்பினால் பயம். பகலில் அசந்து தூங்கினால் பயம். கக்கூஸ் போய்விட்டு வந்தால், "என்ன கலர்?" என்பேன். "இன்னிக்கு நீலம், பாபி" என்பாள். மெஷினில் காலரை வைத்துத் தைக்கும்போது எனக்கு அந்தக் கண்தான் தெரியும். ஊசி விரலில் ஏறியது. சூப்பர்வைசர் திட்டினான்.

நாட்கள் போயின. ஒலியுல்லாவின் கண் வெளிற ஆரம்பித்தது, பசி எடுத்தது. வாத்தியார் எழுந்து உலாவினார். கெடு தாண்டிக்கொண்டிருக்கிறது, தப்பித்துவிட்டோம் என்று நான் நினைக்க ஆரம்பித்த வாரத்தில், ஒரு காலை, மொட்டைமாடியில், இமையை இழுத்தேன். மூக்கை ஒட்டிய ஓரத்தில் முட்டையின் மஞ்சள் கருவைத் தொட்டுத் தடவின மாதிரி.

இமையை விடாமல் இன்னும் கொஞ்சம் இழுத்துப் பார்த்தேன். மொர்ஜினா அன்று கேலி பேசவில்லை. வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு, "வந்துருச்சா?" என்றாள்.

கிளினிக் டாக்டர் ரத்தம் எடுத்தார். மருந்து என்று பெரிதாக ஒன்றும் இல்லை, ஓய்வுதான் என்றார். என்னை மட்டும் தனியே கூப்பிட்டு, "தூக்கம் தலைகீழா ஆனாலோ, பேச்சு கொஞ்சம் தடம் மாறினாலோ, ஒரு நிமிஷம்கூட யோசிக்காம பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க" என்றார். இவள் பேச்சு என்றைக்கு டாக்டர் சொல்கிற தடத்தில் போயிருக்கிறது?

சொன்னபடியே அடுத்த படகில் ஜொய்தூன் வந்து நின்றாள். கையில் ஒரு கோழி, இடுப்பில் வெற்றிலைப் பை. வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"கடலுக்கு நடுவுல தீவுல நாங்க குடிக்கறோம், எங்களுக்கு ஒண்ணும் வரலை. டவுனு டவுனுன்னு பீத்திக்கிட்டு சாக்கடையைக் குடிக்கக் குடுத்திருக்கீங்களே!"

"சம்பந்தியம்மா, உள்ள வாங்க..."

"வராம? என் மருமகளை எந்த நிலமையில வெச்சிருக்கீங்கன்னு பாக்கத்தானே வந்தேன்."

உள்ளே போய் மொர்ஜினாவைப் பார்த்ததும் அவள் வாய் நின்றுவிட்டது. கோழியை என் கையில் திணித்துவிட்டு, மருமகளின் பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் குழம்பில் மஞ்சள் கிடையாது. மஞ்சள் நோய்க்கு மஞ்சள் ஆகாதாம். வெளுத்த மீன் குழம்பை நாலு பேரும் சாப்பிட்டோம்.

அடுத்த நாள் நான் வேலை விட்டு வந்தபோது மொர்ஜினாவின் தலைமேல் ஒரு மாலை இருந்தது. பச்சைக் குச்சிகளைத் துண்டு துண்டாக நறுக்கி நூலில் கோர்த்தது. ரயில்வே கேட் பக்கத்தில் இருக்கும் வைத்தியரிடம் ஜொய்தூன் அழைத்துப் போயிருக்கிறாள். நோய் இறங்க இறங்க மாலை நீண்டு கீழே இறங்குமாம்.

"பிச்சு எறியாத" என்றாள் ஜொய்தூன், என் முகத்தைப் பார்த்து. "உன் டாக்டர் மருந்தே இல்லைன்னுட்டான். இது என்ன உன் சோத்தையா கேக்குது?"

மாலை நீண்டது. அதை நானும் கண்ணால் பார்த்தேன். நெற்றியில் இருந்தது கழுத்துக்கு வந்தது. குச்சி காய்ந்து முடிச்சு தளர்கிறது என்று ஒலியுல்லா முணுமுணுத்தார். ஜொய்தூன் தெருவுக்கே கேட்கும்படி, "எறங்குது பாரு! எறங்குது பாரு!" என்றாள். நானும் நம்ப ஆசைப்பட்டேன். ஆனால் மொட்டைமாடி வெயிலில் அவள் கண் முழுக்க மாம்பழ நிறம். உள்ளங்கையும் அப்படியே.

வெள்ளிக்கிழமை, எனக்கு லீவு. மதியச் சாப்பாட்டுக்கு எல்லாரும் பாயில் உட்கார்ந்திருந்தோம். மொர்ஜினா காலையிலிருந்து தூங்கி அப்போதுதான் எழுந்திருந்தாள். டீயில் முக்கித் தின்கிற பேலா பிஸ்கட் ஒன்றை எடுத்துத் தண்ணீர்த் தம்ளரில் முக்கி, வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஜொய்தூனைப் பார்த்து, "இவங்க யாரு வீட்டுக் கல்யாணத்துக்கு வந்திருக்காங்க?" என்றாள்.

ஜொய்தூன் விழுந்து விழுந்து சிரித்தாள். "பாத்தியா, வாய்க்கொழுப்பு திரும்பி வந்துருச்சு! பொழைச்சுக்கிட்டா!"

ஒலியுல்லாவும் சிரித்தார். நான் மட்டும் சோற்றை உருட்டின கையோடு அவள் உதட்டைப் பார்த்தேன். கேலி பண்ணும்போது அவள் இடதுபக்கம் உதட்டைச் சுழிப்பாள். இப்போது சுழிக்கவில்லை.

"மொர்ஜினா, ரெஜவுல் எங்க இருக்கான்?"

"மேல."

"மேலன்னா? எந்த மாடி?"

அவள் வாயைத் திறந்தாள். ஏதோ தேடினாள். கண்கள் சுவரில், கதவில், என் முகத்தில் அலைந்தன. "தெரியலையே" என்றாள். "பாபி, எனக்குத் தெரியலையே." சந்தையில் தொலைந்துபோன குழந்தை மாதிரி அழ ஆரம்பித்தாள்.

ஜொய்தூனின் சிரிப்பு அப்படியே முகத்தில் உறைந்து நின்றது. அவளேதான் எழுந்து, மாலையை அறுத்து எறிந்துவிட்டு, "வண்டியக் கூப்புடு!" என்று கத்தினாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை, நடைபாதையில் பாய்தான். ஓர் இளம் டாக்டர் குனிந்து, "ரெண்டு கையையும் முன்னால நீட்டுங்கம்மா, போலீஸ்காரன் வண்டியை நிறுத்தற மாதிரி" என்றார். அவள் நீட்டினாள். இரண்டு கைகளும் மணிக்கட்டில் படபடவென்று அடித்துக்கொண்டன, கட்டிப்போட்ட கோழியின் சிறகு மாதிரி. டாக்டர் வேறொன்றும் கேட்கவில்லை. நர்ஸைக் கூப்பிட்ட குரலிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

அன்று சாயங்காலத்துக்குள் அவளுக்கு நினைவு போனது. மறுநாள் காலை, நாள் வருவதற்கு முன்பே, வலி எடுத்தது. கல்லீரல் கெட்டால் ரத்தம் உறையாதாம், பிரசவத்தில் நிற்காமல் போனால் ஆபத்து, ரத்தம் ஏற்பாடு பண்ணுங்கள் என்றார்கள்.

ஒலியுல்லா சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் போனார். "என்னோடது எடுங்க. நான் கூடப் பொறந்தவன்."

ரத்த வங்கிக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "கண்ணாடியில உங்க கண்ணப் பாத்தீங்களா? இன்னும் மஞ்சள் போகலை. உங்க ரத்தம் யாருக்கும் ஆகாது, போங்க."

அவர் அங்கேயே சுவரோரம் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். பிறகு துறைமுகத்துக்கு ஃபோன் போட்டார். ஷிப்ட்டில் இருந்தவர்கள் ஹெல்மெட்டோடு அப்படியே வந்தார்கள். எண்ணெய்க் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவர் ரத்தத்தையும் சோதித்துவிட்டுத்தான் எடுத்தார்கள்.

பிரசவ அறைக்கு வெளியே நானும் ஜொய்தூனும் நின்றோம். அவள் என் கையைப் பிடித்திருந்தாள். நகம் பதிந்து எரிந்தது, நான் இழுக்கவில்லை. "நான்தான் மூணு நாளை அந்த மாலையில தொலைச்சேனா?" என்று கேட்டாள். டாக்டரிடம் பிறகு கேட்டேன். முன்னால் வந்திருந்தாலும் இதேதான் ஆகியிருக்கும், ஆகாமலும் இருந்திருக்கலாம் என்றார்.

பெண் குழந்தை. பூனைக்குட்டி மாதிரி ஒரு தரம் முனகியது. மதியத் தொழுகை அழைப்பு வரை இருந்தது, பிற்பகல் அஸர் தொழுகைக்கு இல்லை. ஜொய்தூன் யாரையும் தொடவிடவில்லை. தானே குளிப்பாட்டினாள், தானே வெள்ளைத் துணியில் சுற்றினாள். குளிப்பாட்ட வைத்த தண்ணீரை மட்டும் விரலால் தொட்டு, என்னைத் திரும்பிப் பார்த்து, "இது கொதிக்க வெச்சதா?" என்றாள். ஆமாம் என்றேன்.

மொர்ஜினா கண் விழிக்கவில்லை. மூக்கில் குழாய், ஒரு கையில் ஏறும் ரத்தம், இன்னொரு கையில் குளுகோஸ். பக்கத்துப் பாயில் இதே நோயோடு வந்த இன்னொரு நிறைமாதப் பெண்ணைத் துணி மூடிக் கொண்டுபோனார்கள். அவள் அண்ணி யாரோ தரையில் புரண்டு அழுதாள். அந்த முகத்தை நான் பார்க்காமல் திரும்பிக்கொண்டேன். அடுத்து நான்தான் அப்படிப் புரளப்போகிறேன் என்று தோன்றியது. மஸ்கட்டிலிருந்து ரெஜவுல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். எடுத்தால் பேச வரவில்லை, எடுக்காமலும் இருக்க முடியவில்லை.

எத்தனையோ பொழுது கழிந்து, ஒரு காலையில், ஜொய்தூன் அவள் வாயை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது, மொர்ஜினாவின் மூக்கு சுளித்தது.

"அம்மா," என்றாள், காற்று மாதிரி, "கொஞ்சம் தள்ளுங்க. வெத்தலை நாத்தம்."

இடதுபக்க உதடு மெல்லச் சுழித்தது. ஜொய்தூன் வார்டே திரும்பிப் பார்க்கும்படி ஓவென்று அழுதாள்.

அதற்கப்புறம் அவள் கை தானாக வயிற்றுக்குப் போனது. தடவியது. நின்றது. நாங்கள் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

உடம்பு தேற ரொம்ப நாளானது. தேறியதும் ஜொய்தூன் அவளைச் சந்தீப்புக்கு அழைத்துப் போனாள். படகுத்துறையில் ஜொய்தூன் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு, மருமகளின் கையைப் பிடித்துப் படகில் ஏற்றினாள். ரெஜவுல் அடுத்த வருஷம் லீவில் வந்தான். இப்போது மொர்ஜினா ஃபோனில் பழையபடி வம்பு பேசுகிறாள். குழந்தையைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

நாங்கள் வீடு மாறிவிட்டோம். குன்றுப் பக்கம், கடல் எட்டாத மேட்டுத்தெரு. மேல்நிலைத் தொட்டி, புதுக் குழாய், எல்லாம் சரிதான். சாமான் இறக்கிய அன்று வெயிலில் அலைந்து வந்த ஒலியுல்லா குழாயைத் திறந்து ஒரு தம்ளர் பிடித்து வாயில் வைத்தார். நான் ஓடிப்போய்த் தட்டிவிட்டேன். தம்ளர் சுவரில் மோதி உருண்டது. உதவிக்கு வந்திருந்த பக்கத்து வீட்டுப் பெண், கூடையை இடுப்பில் வைத்தபடி, என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"இந்தத் தண்ணி நல்ல தண்ணிதாங்க" என்றாள். "நாங்கல்லாம் இதைத்தான் குடிக்கறோம்."

ஒலியுல்லா குனிந்து தம்ளரை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டு, அடுப்பு இருந்த அட்டைப்பெட்டியைத் தேடப் போனார்.